ரூபா, யுவான், டொலர்: நாணயத்தில் கைவைப்பது பற்றிக் கொழும்பில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

2025 ஏப்ரல் 2ஆம் திகதி வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஜனாதிபதி ட்ரம்ப் ஒரு பெரிய பலகையைத் தூக்கிக் காட்டினார். இலங்கையின் பெயருக்கு எதிரே 88% என்றும், அதன் பக்கத்தில் 44% என்றும் இருந்தது. முதல் எண், அந்த நாடு அமெரிக்காவிடம் அறவிடும் தீர்வையாம். ‘நாணயக் கையாளுகையும் வர்த்தகத் தடைகளும் உட்பட’ என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். இரண்டாவது எண், பதிலுக்கு அவர்கள் எங்கள் மீது போடப்போவது.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். அந்த வாரக் கடைசி வகுப்பில் பாடம் நடக்கவில்லை, கேள்விகள்தான் நடந்தன. பிறகு பெற்றோர் கேட்டார்கள், புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள் கேட்டார்கள், கட்டுநாயக்கவில் தையல் வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மிஸ், 88% என்று போட்டிருந்தார்களே. நாங்கள் அமெரிக்கப் பொருளுக்கு அவ்வளவு வரியா போடுகிறோம்? நாணயத்திலும் கைவைத்தோமா?

இரண்டும் இல்லை. எங்கள் சுங்கத் தீர்வைப் பட்டியலைப் பார்த்தோ, மத்திய வங்கியின் கணக்கைப் பார்த்தோ அந்த 88 வரவில்லை. 2024இல் அமெரிக்கா எங்களிடம் வாங்கிய பொருட்களின் பெறுமதி ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். எங்களுக்கு விற்றது ஏறத்தாழ 368 மில்லியன் டொலர். வித்தியாசம் ஏறத்தாழ 2.63 பில்லியன். அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள், 88% வரும். அதில் பாதி 44. கணக்கு அவ்வளவுதான். வியட்நாமுக்கு 90, பங்களாதேஷுக்கு 74, கம்போடியாவுக்கு 97 என்று வந்ததும் இதே வகுத்தலில்தான். சேவைகளைக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

எங்கள் இறக்குமதி வரிகள் குறைவு என்று நான் வாதாடவில்லை. சுங்கத் தீர்வைக்கு மேல் செஸ் என்ற மேலதிக வரி, அதற்கு மேல் துறைமுக விமான நிலைய வரி என்று அடுக்கடுக்காக ஏறுவதைப் புறக்கோட்டைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலகை அதை அளக்கவில்லை. ஒருவர் எங்கள் கடையில் நிறைய வாங்குகிறார், நாங்கள் அவர் கடையில் கொஞ்சம்தான் வாங்குகிறோம். ஆகவே எங்கள் தராசில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும் என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். ரீ-சேர்ட்டும் உள்ளாடையும் தைத்து விற்கும் நாடு, விமானமும் கணினி மென்பொருளும் விற்கும் நாட்டிடம் அதே அளவுக்கு வாங்க எங்கே போவது?

அப்படியானால் ‘நாணயக் கையாளுகை’ என்பது சரியாக என்ன?

பத்திரிகைகள் அப்படி எழுதுகின்றன. வகுப்பில் நான் ‘கைவைப்பது’ என்றே சொல்வேன், அது உடனே விளங்குகிறது. ஒரு நாடு தன் நாணயத்தை வேண்டுமென்றே மலிவாக வைத்திருந்து, தன் பொருட்களை வெளிநாட்டில் மலிவாகவும், வெளிநாட்டுப் பொருட்களைத் தன் நாட்டில் விலையாகவும் ஆக்கிக்கொள்வது.

எப்படிச் செய்வார்கள்? கொழும்பை வைத்தே சொல்கிறேன். ஏற்றுமதியாளர்கள் நிறைய டொலர் கொண்டுவந்து வங்கிகளில் மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். டொலர் மலிய வேண்டும்; 300 ரூபா விற்றது 280க்கு வரவேண்டும். மத்திய வங்கி அதை விடாமல், புதிதாக ரூபாவை உருவாக்கி, வந்த டொலரையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது. விலை 300இலேயே நிற்கிறது. புதிய ரூபா ஊருக்குள் சுற்றினால் பணவீக்கம் வரும் என்பதால், பிணைமுறிகளை விற்று அந்த ரூபாவைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வாங்கிய டொலர் பெரும்பாலும் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில் போய் உட்காரும். இதை ஒரு நாள் இரண்டு நாள் செய்வது வழமையான வேலை. பெரிய மிகை உள்ள நாடு, அதாவது வெளிநாட்டிடம் வாங்குவதைவிட மிகக் கூடுதலாக விற்கும் நாடு, வருடக்கணக்காகச் செய்தால்தான் குற்றச்சாட்டு எழுகிறது.

டொலர் வாங்குவது குற்றமென்றால் எங்கள் மத்திய வங்கியும் வாங்குகிறதே?

வாங்குகிறது. வாங்கத்தான் வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்துக்குச் சம்மதித்தபோது, ஒதுக்கை, அதாவது மத்திய வங்கியின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பை, திரும்பச் சேர்ப்பதையும் ஓர் இலக்காக வைத்தது. 2024இல் மத்திய வங்கி சந்தையில் டொலர் வாங்கிக்கொண்டே இருந்தது, அப்படியிருந்தும் ரூபா அந்த ஆண்டு பலமடைந்தது. ஆண்டு முடிவில் ஒதுக்கு ஏறத்தாழ 6.1 பில்லியன்; அதிலும் ஒரு பங்கு சீன மக்கள் வங்கியோடு செய்த 10 பில்லியன் யுவான் ஸ்வொப், அதாவது நாணயத்துக்கு நாணயம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

வெறும் பானையில் அரிசி சேர்ப்பவரையும், களஞ்சியம் நிரம்பி வழிந்த பிறகும் ஊர் நெல்லையெல்லாம் வாங்கிப் பூட்டுபவரையும் ஒரே பெயரால் அழைக்கக்கூடாது.

இதற்குத் தீர்ப்புச் சொல்வது யார்?

எழுத்தில் பார்த்தால் சர்வதேச நாணய நிதியம். அதன் ஒப்பந்தத்தின் நான்காம் உறுப்புரை, நியாயமற்ற போட்டி அனுகூலம் பெறுவதற்காக உறுப்பு நாடுகள் நாணய மாற்று வீதத்தில் கைவைக்கக்கூடாது என்கிறது. ஆனால் இதன்கீழ் எந்த நாட்டையும் நிதியம் இதுவரை முறைப்படி குற்றவாளி என்று அறிவித்ததில்லை. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் அந்த வாசல் ஏறக்குறைய மூடியே கிடக்கிறது.

நடைமுறையில் தீர்ப்புச் சொல்வது அமெரிக்கத் திறைசேரி, அதாவது அந்த நாட்டின் நிதியமைச்சு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ஆண்டுக்கு இரு தடவை காங்கிரஸுக்கு அறிக்கை கொடுக்கிறது. 2016இல் வந்த இன்னொரு சட்டம் மூன்று அளவுகோல்களைக் கேட்டது. இப்போது அவை: அமெரிக்காவோடு ஆண்டுக்கு 15 பில்லியன் டொலருக்குக் குறையாத வர்த்தக மிகை, நடைமுறைக் கணக்கில் (வெளிநாடுகளோடு பொருள், சேவை, வருமானம் எல்லாம் சேர்த்த வரவு செலவில்) மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 3%க்குக் குறையாத மிகை, பன்னிரண்டு மாதத்தில் எட்டு மாதமாவது ஒரே திசையில் டொலர் வாங்கி, அது உற்பத்தியின் 2%ஐத் தொடுவது. மூன்றும் பொருந்தினால் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு பொருந்தினால் கண்காணிப்புப் பட்டியல். 2025 ஜூன் அறிக்கை யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. சீனா, ஜப்பான், தென் கொரியா, தாய்வான், சிங்கப்பூர், வியட்நாம், ஜேர்மனி, அயர்லாந்து, சுவிற்சர்லாந்து ஆகிய ஒன்பதும் கண்காணிப்பில் இருந்தன.

அந்த அறிக்கை பார்ப்பது அமெரிக்காவின் பெரிய இருபது வர்த்தகக் கூட்டாளிகளை மட்டும். இலங்கை அந்த இருபதில் இல்லை. திறைசேரியின் அளவுகோல் ஒருநாளும் தொட்டிராத ஒரு நாட்டின் மேல்தான் ஏப்ரல் 2ஆம் திகதிப் பலகை அந்தச் சொல்லை ஒட்டியது. வழக்கில்லை, விசாரணையில்லை, தண்டனை மட்டும் வந்தது. இதை நினைத்தால் இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, சீனா செய்ததா, இல்லையா?

செய்தது. எந்தக் காலத்தில் என்பதுதான் முக்கியம்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து யுவான் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 8.3 என்ற இடத்தில் நின்றது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, தொழிற்சாலைகள் குவிந்தன, டொலர் வெள்ளமாக வந்தது. சந்தையின் போக்கில் விட்டிருந்தால் யுவான் ஏறியிருக்கும். விடவில்லை. 2005 ஜூலை 21ஆம் திகதிதான் முதன்முறையாக 2.1% ஏற்றினார்கள், பிறகு மெல்ல மெல்ல விட்டார்கள். 2007இல் சீனாவின் நடைமுறைக் கணக்கு மிகை உற்பத்தியின் 10%ஐ நெருங்கியது. அதன் ஒதுக்கு 2014 நடுப்பகுதியில் 4 ட்ரில்லியன் டொலரைத் தொடும் அளவுக்குப் போனது. நான் மேலே சொன்ன நெல் களஞ்சியம் இதுதான். அமெரிக்காவில் தளபாடத் தொழிற்சாலைகளும் நெசவாலைகளும் மூடப்பட்டன, அந்த ஊர்களின் மக்கள் பட்ட துன்பம் பொய்யில்லை. அவர்களின் கோபத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நாணயத்தை மலிவாக வைக்கும்போது முதலில் பறிபோவது சொந்த மக்களின் பங்கு. குவாங்டொங்கில் தொலைபேசி பொருத்திய தொழிலாளியின் யுவான் வாங்கவேண்டிய அளவுக்கு வாங்கவில்லை. இறக்குமதி எண்ணெய், இறக்குமதி உணவு, வெளிநாட்டுப் படிப்பு எல்லாமே அவருக்கு விலை கூடியவை. வங்கிச் சேமிப்புக்கு வட்டியும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் சீனக் குடும்பங்களின் நுகர்வு நாட்டு உற்பத்தியில் 40%க்கும் கீழே இறங்கியது. ஏற்றுமதி முதலாளிக்குக் கிடைத்த அனுகூலத்தில் பாதிக்குமேல் அந்தத் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். வொஷிங்டனும் பெய்ஜிங்கும் சண்டையிடுவதாகத்தான் செய்தி வரும். செலவுக்கணக்கு வீட்டுக்குள் எழுதப்படுகிறது.

அப்போது அமெரிக்கா ஏன் பேசாமல் இருந்தது?

பேசியது, முத்திரை குத்தவில்லை. 1992 முதல் 1994 வரை சீனாவைக் குற்றவாளி என்று அறிவித்த திறைசேரி, மிகை உச்சத்தில் இருந்த 2000களில் ஒருமுறைகூட அப்படி அறிவிக்கவில்லை. சீனாவில் தொழிற்சாலை வைத்திருந்தவர்களில் பெரிய அமெரிக்க நிறுவனங்களும் இருந்தன. மலிவுப் பொருள் அமெரிக்கக் கடைகளை நிரப்பியது. சீனா வாங்கிக் குவித்த டொலர் அமெரிக்க அரசுக்கே கடனாகத் திரும்பிப் போனது.

2019இல் முத்திரை குத்தினார்களே?

ஆம், 2019 ஓகஸ்ட் 5ஆம் திகதி. முதலாம் திகதி ட்ரம்ப், மிச்சமிருந்த ஏறத்தாழ 300 பில்லியன் டொலர் சீனப் பொருட்கள் மீதும் 10% தீர்வை வரும் என்றார். ஐந்தாம் திகதி யுவான் இறங்கி, ஒரு டொலருக்கு 7 யுவான் என்ற எல்லையைத் தாண்டியது. அன்றைக்கே திறைசேரி சீனாவை நாணயத்தில் கைவைக்கும் நாடு என்று அறிவித்தது.

உங்கள் பொருளுக்கு ஒரு நாடு தீர்வை போட்டால், உங்கள் பொருளுக்குக் கேள்வி (வாங்குவோரின் தேவை) குறையும், உங்கள் நாணயம் தானாகவே இறங்கும். உயர்தரப் பாடப்புத்தகத்தின் கேள்வி, நிரம்பல் (விற்பனைக்கு வரும் அளவு) வளையியே இதற்குப் போதும். சீனா அன்று யுவானைப் பிடித்துக் கீழே இழுக்கவில்லை, அதுவரை தாங்கிப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தளர்த்தியது. 2014க்குப் பிறகு யுவான் விழாமல் இருக்கத் தன் ஒதுக்கில் ஏறத்தாழ ஒரு ட்ரில்லியன் டொலரைச் செலவழித்த நாடு அது. அதே ஓகஸ்ட் மாதம் வெளிவந்த சர்வதேச நாணய நிதிய அறிக்கையும் யுவானின் பெறுமதி பெரும்பாலும் பொருத்தமான இடத்தில்தான் இருக்கிறது என்றது.

2020 ஜனவரி 13ஆம் திகதி முத்திரை நீக்கப்பட்டது. முதற்கட்ட வர்த்தக ஒப்பந்தம் கைச்சாத்தானது 15ஆம் திகதி. உண்மையாகவே கைவைத்த காலத்தில் முத்திரை இல்லை, கையை எடுத்த காலத்தில் வந்தது, பேரம் படிந்ததும் போனது. ‘நாணயக் கையாளுகை’ என்ற சொல் செய்தியில் வரும்போது மாணவர்களிடம் நான் திகதிகளை வரிசையாக எழுதச் சொல்வது இதனால்தான்.

ஜப்பானுக்கும் இப்படி நடந்ததாமே?

1985 செப்டெம்பர் 22ஆம் திகதி நியூயோர்க்கின் பிளாசா ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து டொலரை இறக்க உடன்பட்டன. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 240 யென். 1987 முடிவில் ஏறத்தாழ 120. யென்னின் பெறுமதி இரட்டித்தது. அவ்வளவுக்குப் பிறகும் ஜப்பானோடு அமெரிக்காவுக்கு இருந்த வர்த்தகப் பற்றாக்குறை 1985இல் 46 பில்லியன் டொலர், 1987இல் 56 பில்லியன் டொலர். நாணயத்தை மாற்றினால் மட்டும் பற்றாக்குறை தீராது; ஒரு நாடு உழைப்பதற்கு மேல் செலவழிக்கும்வரை அது யாரிடமாவது வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

2024இல் கதை தலைகீழ். ஒரு டொலருக்கு 160 யென்னுக்கு மேல் போய்விட, ஜப்பான் டொலரை விற்று யென்னைத் தூக்கப் பார்த்தது. அதுவும் கைவைப்பதுதான், ஆனால் யாரும் குற்றம் சொல்லவில்லை. யென் அவ்வளவு மலிந்திருந்த அந்த ஆண்டில் கொழும்பில் ஒருவரும் ஜப்பான் கார் இறக்க முடியவில்லை என்பது இன்னொரு வேதனை. 2020 மார்ச்சில் போட்ட வாகன இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது.

டொலரை வைத்து அமெரிக்காவும் இதையேதான் செய்கிறது என்கிறார்களே?

2010இல் பிரேசில் நிதியமைச்சர் கிடோ மன்டேகா ‘நாணயப் போர்’ என்ற சொல்லை எடுத்தபோது அவர் சொன்னது இதைத்தான். அமெரிக்க மத்திய வங்கி பணத்தை அள்ளி இறைத்ததால் டொலர் மலிந்து, பிரேசிலின் ரியால் ஏறி, அவர்கள் தொழிற்சாலைகள் திணறின. அமெரிக்காவின் பதில்: நாங்கள் உள்நாட்டு வேலையின்மைக்காக வட்டியைக் குறைத்தோம், வெளிநாட்டு நாணயம் வாங்கவில்லை. சட்டப்படி அந்த வேறுபாடு சரி. விளைவைச் சுமந்தவருக்கு அது ஆறுதல் இல்லை. 1971இல் அமெரிக்கத் திறைசேரிச் செயலாளர் ஜோன் கொனலி, டொலர் எங்கள் நாணயம், ஆனால் உங்கள் பிரச்சினை என்று ஐரோப்பியரிடம் சொன்னார். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பிள்ளை, ரூபா விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லதுதானே? பிறகேன் எல்லாரும் பயப்படுகிறார்கள்?

புறக்கோட்டையில் ஒரு பெரியவர் கேட்டார். பாடப்புத்தகம் ‘ஆம்’ என்கிறது, ஊர் ‘யாருக்கு?’ என்று கேட்கிறது.

ஆடையை எடுங்கள். ஓர் உதாரணத்துக்கு, 5 டொலருக்கு விற்கும் உடுப்பில் 3 டொலர் துணிக்கும் நூலுக்கும் சிப்புக்கும் போகிறது, அவை பெரும்பாலும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகின்றன. ரூபா விழுந்தால் அந்த 3 டொலரும் சேர்ந்தே ஏறும். மலிவது மிச்சமுள்ள 2 டொலர்தான். அதில் பெரும்பங்கு சம்பளம். அதாவது ‘போட்டித்திறன் கூடியது’ என்ற செய்தியைத் தமிழில் விரித்துச் சொன்னால், தைக்கும் பிள்ளையின் சம்பளம் டொலரில் குறைந்தது என்பதுதான்.

தேயிலையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலை பேசுவது ரூபாவில். வாங்குபவர் கையில் டொலர் இருப்பதால், ரூபா விழுந்த உடனே ஏல விலை ஏறுகிறது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1,000 ரூபா ஆனது. அன்றைய மாற்று வீதத்தில் அது ஏறத்தாழ 5 டொலர். 2022 மே மாதம் ஒரு டொலர் 360 ரூபா. அதே 1,000 ரூபா 2.80 டொலருக்கும் குறைவு. அந்தப் பெண் பறித்த கொழுந்து ஏலத்தில் கூடுதல் ரூபாவுக்குப் போனது. அவர் வாங்கிய கோதுமை மாவும் பருப்பும் டொலரில் வந்தவை. மண்ணெண்ணெய், ரூபா விழுந்ததோடு மானியமும் போனதால், 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. அடுத்த சம்பள உயர்வு, 1,350 ரூபா, வந்தது 2024 செப்டெம்பரில். யாரும் அவருடைய சம்பளத்தை வெட்டவில்லை. எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. நாணயம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துமுடித்தது. என் அம்மாவின் ஊர் ஹட்டன் பக்கம். அந்த ஆண்டுகளில் அங்கே போய்வந்த பிறகு, ‘நாணயத் தேய்வின் அனுகூலங்கள்’ என்ற பாடத்தை என்னால் பழையபடி நடத்த முடியவில்லை.

அப்படியென்றால் ரூபாவை 200இல் பிடித்து வைத்தது சரிதானே?

அதுவும் இல்லை. அது எதிர்த்திசையில் கைவைத்தது.

2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் வரை வங்கியில் டொலர் 200, 203 என்று நின்றது. அந்த விலைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க டொலர் இருக்கவில்லை. வெளியே, வங்கிக்குப் போகாமல் பணம் கைமாற்றும் உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தார்கள். துபாயிலும் தோஹாவிலும் உழைக்கும் எங்கள் உறவுகள் எந்த வழியால் அனுப்புவார்கள்? வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன். 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த ஒதுக்கு, 2021 முடிவில் சீன ஸ்வொப்பையும் சேர்த்து 3.1 பில்லியன். அடுத்த மாதமே, 2022 ஜனவரி 18ஆம் திகதி, 500 மில்லியன் டொலர் முறியொன்றைக் கட்டித் தீர்த்தார்கள். அதே நாட்களில் துறைமுகத்தில் அரிசியும் பருப்பும் சீனியும் கொள்கலன்களில் கிடந்தன, எடுக்க டொலர் இல்லை. என் மாணவன் ஒருவனின் தந்தை, இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், மூன்று மாதம் ஒவ்வொரு காலையும் தன் வங்கிக்குப் போய் இறக்குமதிக்கான வங்கி உத்தரவாதக் கடிதமான எல்சி திறக்கக் கேட்டுத் திரும்பினார். கடையில் நின்ற நான்கு பையன்களில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்.

மார்ச் 7ஆம் திகதி கயிற்றை விட்டதும், தேங்கி நின்ற வீழ்ச்சி முழுவதும் இரண்டு மாதத்துக்குள் வந்தது. ஆண்டுக்கு ஐந்து, ஆறு சதவீதம் என்று இறங்கியிருக்க வேண்டியது, ஒரேயடியாக மக்கள் தலையில் இறங்கியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8%. பெரிய நாடுகளின் அகராதியில் இது ‘கையாளுகை’ இல்லை, ஏனென்றால் அவர்களுடைய தொழிற்சாலை எதற்கும் இதனால் கெடுதல் வரவில்லை. மலிவாக வைத்தால் அடுத்த நாட்டுக்காரர் முறையிடுவார். விலையாக வைத்தால் முறையிட வெளியே ஒருவரும் இல்லை, பிறகு வரிசையில் நிற்பது நாங்கள்தான்.

யுவான் இறங்கினால் புறக்கோட்டையில் சாமான் விலை இறங்குமா?

உடனே இறங்காது. சீன வியாபாரிகள் எங்களுக்குப் பெரும்பாலும் டொலரில்தான் விலை சொல்கிறார்கள். யுவான் இறங்கும்போது அவர்களுக்கு விலையைக் குறைக்க இடம் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம், பழைய வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் விலையைத் தீர்மானிப்பதில் யுவானைவிட ரூபா-டொலர் வீதமும், கொள்கலன் கூலியும், சுங்கத்தில் கட்டுவதும்தான் பெரியவை. இன்னொன்று: அமெரிக்கச் சந்தை மூடினால் சீனப் பொருள் வேறு சந்தை தேடும், எங்கள் பக்கமும் வரும். வாங்குபவருக்கு மலிவு. இங்கே செருப்பும் பிளாஸ்டிக் சாமானும் செய்யும் சிறு தொழிற்சாலைக்காரருக்கு அது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

அக்கா, 44 என்றார்கள், பிறகு 20 என்றார்கள். எங்கள் வேலை என்னவாகும்?

கட்டுநாயக்கவில் தைக்கும், கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பிள்ளை கேட்டது. அதற்கு ஒரு கணக்குச் சொன்னேன்.

2025 ஏப்ரல் 9ஆம் திகதி 90 நாள் இடைநிறுத்தம், ஜூலையில் 30% என்று கடிதம், ஓகஸ்ட்டில் 20%. இது அப்போது ஏற்கனவே இருந்ததற்கு மேல். பருத்தி ரீ-சேர்ட்டுக்கு அமெரிக்காவில் வழமையான தீர்வை 16.5%, செயற்கை இழை என்றால் 32%. அந்தப் பணத்தைச் சுங்கத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். கட்டிய பிறகு அவர் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, ‘விலையில் கொஞ்சம் குறையுங்கள்’ என்பார். தொழிற்சாலை எங்கே குறைக்கும் என்பதை அந்தப் பிள்ளை எனக்கு முந்தியே சொல்லிவிட்டது: “ஓவர்டைம்தான் அக்கா முதலில் போகும்.”

அந்த ஓகஸ்ட்டில் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20, கம்போடியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இந்தோனேசியாவுக்கும் 19, இந்தியாவுக்கு மாத முடிவில் 50. அதாவது எங்களோடு போட்டியிடுபவர்கள் ஏறக்குறைய அதே நிலையில் நின்றார்கள். ஓடர் ஒரே இரவில் இன்னொரு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயம் 44இல் நியாயமானது, 20இல் அவ்வளவு இல்லை. மிஞ்சியிருந்தது அமெரிக்கர்கள் விலை கூடிய உடுப்பைக் குறைவாக வாங்குவார்களா என்ற கேள்வி.

உங்கள் தொழிற்சாலை எந்தச் சந்தைக்குத் தைக்கிறது என்று பாருங்கள் என்றேன். பெட்டியில் ஒட்டும் விலைச்சீட்டில் டொலரா, பவுண்டா, யூரோவா என்று இருக்கும். அடுத்த நாள் குறுஞ்செய்தி வந்தது: “எங்கள் லைனில் இரண்டும் ஓடுது அக்கா. இந்த மாதம் பவுண்ட் பெட்டி கூட.”